தோற்றவன் ஏன் மறுபடியும் ஆடுகிறான்? மூளையும் ஆன்லைன் சூதாட்டமும்

பணம் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிகிறது. கடன் ஏறுவதும் தெரிகிறது. அம்மா அழுவதும் தெரிகிறது. ஆனாலும் நள்ளிரவில் கை செல்போனைத் தேடுகிறது. ஆன்லைன் ரம்மியில் சிக்கிய பிள்ளையைப் பார்த்து, "புத்தி இருந்தால் இப்படிச் செய்வானா?" என்று கேட்காத வீடு இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் மூளையில் நன்மை தீமையை எடைபோடும் பகுதி வேறு, "இன்னும் வேண்டும்" என்று தூண்டும் பகுதி வேறு. இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால்தான் பிள்ளையை மீட்கும் வழி புலப்படும்.

வெகுமதிப் பாதை

1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்சாரம் பாயும். எலி அதை ஓயாமல் அழுத்தத் தொடங்கியது. மூளையில் வெகுமதிக்கென்றே ஒரு பாதை இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

அந்தப் பாதை நடுமூளையில் தொடங்கி, நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதிக்கும், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்கும் செல்கிறது. அதில் செய்தி கொண்டு போகும் ரசாயனம் டோபமைன். இதை 'மகிழ்ச்சி தரும் ரசாயனம்' என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. ஒன்றை விரும்பி ரசிப்பது வேறு, அதை அடையத் துடிப்பது வேறு என்று அமெரிக்க ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் பிரித்துக் காட்டினார். டோபமைன் பெரிதும் துடிப்போடு சம்பந்தப்பட்டது. ஆட்டத்தில் கொஞ்சமும் சந்தோஷம் இல்லாமல் போன பிறகும் ஆடத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து இதை இன்னும் நுட்பமாக அளந்தார். எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கைக் கண்டதுமே துடித்தன. சாறு வரவேண்டிய நேரத்தில் வராவிட்டால் அடங்கிப்போயின. 2003-ல் வெளியான அவரது குழுவின் ஆய்வில் மற்றொரு உண்மை தெரிந்தது. வெகுமதி வருமா வராதா என்பது சரிபாதி சந்தேகமாக இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்தச் செல்களின் துடிப்பு அதிகமாக இருந்தது. சூதாட்டத்தின் உயிர்நாடியே அந்தச் சந்தேகம்தான்.

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் நட்டவர் எட்டு ஒன்பது மாதம் காத்திருக்கிறார். பிறகு வெட்டி, வேகவைத்து, காயவைத்து ஏலத்துக்குக் கொண்டு போகிறார். விலை ஏறலாம், இறங்கலாம். அதுவும் நிச்சயமில்லாததுதான். ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பு. செல்போன் ரம்மி அதே படபடப்பைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தருகிறது.

வலி ஏன் பாடம் கற்பிக்கவில்லை?

சூடு பட்ட குழந்தை அடுப்பை மீண்டும் தொடாது. அப்படி விலகச் சொல்வதற்கும் மூளையில் ஏற்பாடு உண்டு. எதிர்பார்த்தது கிடைக்காதபோது ஹபெனுலா என்ற சிறிய பகுதி கிளர்ந்து, டோபமைன் செல்களை அடக்குகிறது. பாதாம் பருப்பு வடிவில் உள்ள அமிக்டலா, பயத்தையும் உணர்ச்சி மிகுந்த நினைவுகளையும் அந்த நேரத்தின் ஒலி, காட்சி ஆகியவற்றோடு கட்டிவைக்கிறது.

அப்படியிருக்க, ஆயிரக்கணக்கில் இழந்தவன் ஏன் விலகுவதில்லை? 2009-ல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் செய்த ஆய்வு ஒரு விடை தந்தது. மயிரிழையில் தவறிய தோல்வியின்போது, வெற்றியில் விழித்தெழும் மூளைப் பகுதிகள் சில விழித்தெழுந்தன. "ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால் ஜெயித்திருப்பேன்" என்ற எண்ணம் தோல்வியின் பாடத்தை மழுங்கடிக்கிறது. அதோடு கடன் தரும் மனவேதனையே, அதிலிருந்து தப்பிக்க இன்னொரு ஆட்டம் ஆடு என்று தள்ளுகிறது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று கிளம்புவது இதனால்தான்.

பார்க்கின்சன் நோய்க்கு டோபமைன்போல் செயல்படும் மருந்துகள் தரப்படுகின்றன. அவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, அதற்கு முன் இல்லாத சூதாட்ட வெறி வந்திருப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்தைக் குறைத்தபோது பலருக்கு அது அடங்கியது.

அல்மாயிதா அத்தியாயத்தில் மதுவும் சூதாட்டமும் ஒரே வசனத்தில் சேர்த்து விலக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தி, சூதாட்ட நோயை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் வைத்தது.

சட்டம் செய்தது

தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த தடையை அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022-ல் அறிக்கை தந்தது. அதையொட்டி நிறைவேறிய புதிய சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார். 2025-ல் வந்த விதிகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பணம் கட்டி ஆடுவதையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணிவரை ஆடுவதையும் தடுத்தன. அந்த விதிகள் செல்லும் என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இரவுத் தடையும் வயது வரம்பும் மூளையின் இயல்புக்குப் பொருத்தமானவை. அவசரத்துக்குக் கடிவாளம் போடும் முன்மூளை, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. தூக்கம் கெட்டால் அந்தக் கடிவாளம் தளர்கிறது.

வீட்டார் செய்ய வேண்டியது

செயலியைத் தடைசெய்தால் ஆசை உடனே அழிந்துவிடாது. நோட்டிஃபிகேஷன் சத்தமே பழைய துடிப்பை எழுப்பிவிடும். எனவே செயலிகளை நீக்குங்கள். பணப் பரிமாற்றம் சில மாதங்களுக்கு அத்தாவின் அல்லது மனைவியின் பொறுப்பில் இருக்கட்டும். இரவில் செல்போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். கடனை அடைக்கப் பணத்தை அவன் கையில் கொடுக்காமல், கடன் கொடுத்தவரிடம் நேரே செலுத்துங்கள். ஆட்டம் இருந்த நேரத்தை வேலை, விளையாட்டு, நல்ல நட்பு என்று வேறொன்றால் நிரப்புங்கள்.

அடிப்பதும் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதும் வேண்டாம். அந்த வேதனை அவனை மீண்டும் ஆட்டத்துக்கே விரட்டும். மூளையின் செயலைச் சொல்வது அவன் பொறுப்பைத் தள்ளுபடி செய்வதற்கு அல்ல. சர்க்கரை நோயாளியும் தன் வாயைத் தானேதான் கட்ட வேண்டும், ஆனால் மருந்தும் வேண்டும். இதுவும் அப்படித்தான்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. "செத்துவிடலாம்போல் இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடன் எவ்வளவு என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.