பெயர் அறியாக் கிருமியும் வெறுங்கைகளும்



அண்மையில் அறிவியல் பாடவேளையில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம், "ஐயா, நோயுள்ள விலங்கைத் தொட்டு ஆராய்கிறவர்களுக்கு அந்த நோய் வராதா?" என்று வினவினாள். அதற்குரிய விடை நம் மலாக்காவின் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானின் வரலாற்றில் இருக்கின்றது.

1999ஆம் ஆண்டில் நான் ஐந்தாம் படிவ மாணவன். முகமூடியும் பாதுகாப்பு உடையும் அணிந்த இராணுவ வீரர்கள் பன்றிப் பண்ணைகளுக்குள் நுழையும் படங்களைச் செங்கில் எங்கள் வீட்டிற்கு வந்த நாளிதழில் கண்டேன். அப்போது அச்சம்தான் ஏற்பட்டது, காரணம் விளங்கவில்லை.

1998 செப்டம்பரில் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் அந்நோய் தொடங்கியது. பின்னர் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில் கடுமையாகப் பரவியது. அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. ஆகவே கொசுமருந்துப் புகை அடித்தனர்; தடுப்பூசியும் போட்டனர். ஆயினும் நோய் அடங்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களையே தாக்கும்; இதுவோ பன்றிகளோடு பழகிய பெரியவர்களைத் தாக்கியது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அதனை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று ஆராய்ந்தபோது, உலகம் அதுவரை அறியாத கிருமி எனத் தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது 'நிப்பா' எனப்பட்டது.

அதற்குள் காலம் கடந்திருந்தது. தொழிலாளர்கள் நோயுற்ற பன்றிகளுக்கு ஊசி போட்டனர், குட்டி ஈனுகையில் உதவினர், இறந்தவற்றைத் தூக்கினர். கொசுவுக்கு அஞ்சியவர்களுக்குக் கையுறை அணியத் தோன்றுமா? நம் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். அவர்களுள் சீனர்களே மிகுதி. பண்ணைகளில் கூலிக்கு உழைத்த இந்தியர்களும் இருந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத் தொழிலாளர் 11 பேர் பாதிக்கப்பட, ஒருவர் இறந்தார். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

பின்னர் ஆஸ்திரேலியாவின் கீலோங் நகரிலுள்ள விலங்குநல ஆய்வகத்தில் பன்றிகளுக்கும் பூனைகளுக்கும் இக்கிருமியைச் செலுத்தி ஆராய்ந்தனர். நோயுற்ற பன்றியிடமிருந்து அருகிலிருக்கும் பன்றிக்கு இது தொற்றும் என்பது அங்கு உறுதியாயிற்று.

அவ்வகை ஆய்வகத்தில் எவரும் நினைத்தவுடன் நுழைய முடியாது. உள்ளே காற்றழுத்தம் குறைவாக வைக்கப்படுவதால், காற்று வெளியிலிருந்து உள்ளே செல்லுமே தவிர, உள்ளிருந்து கசியாது. வெளியேறும் காற்று வடிகட்டப்படும். பணியாளர்கள் தனிக் குழாய்வழி காற்றுவரும் முழு உடையை அணிவர். வெளிவருமுன் அவ்வுடையோடு மருந்துநீரில் குளிப்பர்.

கருவிகளைவிடப் பயிற்சியே முதன்மையானது. குழாயிலுள்ள கிருமி அசையாது. விலங்கோ திமிறும், கடிக்கும், உதைக்கும். ஊசி கைமாறிக் குத்திவிடலாம். ஆகவே விலங்கை எவ்வாறு பிடிப்பது, எப்போது மயக்க மருந்து கொடுப்பது, ஊசியை எங்கே போடுவது, கையுறை கிழிந்தால் என்ன செய்வது என அனைத்தையும் கிருமியில்லா இடத்தில் பலமுறை பழகுவர். தேர்ந்தவர் உடனிருக்க மேற்பார்வையில் பணியாற்றிய பின்னரே பொறுப்பு ஒப்படைக்கப்படும். அழுக்கான வெளிப்புறம் உடலில் படாமல் உடையைக் கழற்றுவதும் தனிப் பாடமே.

அம்மாணவியிடம், "வரக்கூடும் அம்மா. வராமலிருக்கவே அவர்கள் முதலில் மாணவர்களாகிறார்கள்" என்றேன். பண்ணைத் தொழிலாளர்களுக்கோ அப்பாடத்தைச் சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. வீரமின்மையால் அவர்கள் இறக்கவில்லை; அறியாமையில் விடப்பட்டதால் இறந்தனர்.

நிப்பா கிருமியின் இயற்கை இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள். அவை இன்றும் நம் பழமரங்களுக்கு வருகின்றன. கீழே கிடக்கும் வௌவாலையோ கடித்துப்போட்ட பழத்தையோ தொடாதே, பெரியவரிடம் சொல், கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவு: இம்மூன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.