பாடியவர் யார், முகம் யாருடையது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய மாணவி ஒருவர் 'டிரீம்கேர்ள்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், பாட்டு நாடகத்தை அப்படியே படமாக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததா?" என்று கேட்டார். இருந்ததாவா? நம் பேசும்படம் நடக்கப் பழகியதே நாடகத்தின் கையைப் பிடித்துத்தான்.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'டிரீம்கேர்ள்ஸ்' 1981 டிசம்பரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஏறிய இசை நாடகம். மூன்று கறுப்பினப் பெண்கள் பாடும் ஒரு குழுவின் கதை. 'சுப்ரீம்ஸ்' என்ற நிஜக் குழுவின் சாயல் அதில் உண்டு. குழுவிலேயே பெரிய குரல் எஃபி என்ற பெண்ணுக்கு. ஆனால் தொலைக்காட்சிக்கு ஏற்ற தோற்றம் வேண்டும் என்று அவளைப் பின்வரிசைக்குத் தள்ளி, மெல்லிய குரலும் அழகிய முகமும் உள்ள தோழியை முன்னே நிறுத்துகிறார்கள். கடைசியில் அவளைக் குழுவிலிருந்தே நீக்குகிறார்கள். இது படமாக வந்தது 2006இல், இருபத்தைந்து ஆண்டு கழித்து. மேடையில் எஃபியாகப் பாடிய ஜெனிஃபர் ஹாலிடே டோனி விருது பெற்றார். திரையில் அதே வேடத்தில் பாடி நடித்த ஜெனிஃபர் ஹட்சன் ஆஸ்கர் பெற்றார். படத்துக்காகப் புதுப்பாடல்களும் சேர்த்தார்கள்.

இனி நம் கதை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி போன்ற நாடகங்கள்தான் அன்றைய தமிழ்நாட்டின் பொதுச் சொத்து. எல்லா நடிகருக்கும் அவை மனப்பாடம். அதனால்தான் 'ஸ்பெஷல் நாடகம்' நடத்த முடிந்தது. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட் வருவார், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட் வருவார். ஒத்திகை கிடையாது. அன்றிரவே மேடையில் பாட்டால் ஒருவரை ஒருவர் மடக்குவார்கள். மைக் பரவாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் குரல் எட்டவேண்டும். எட்டாதவருக்கு எத்தனை அழகு இருந்தும் பயனில்லை.

அந்த மேடையில் 'பவளக்கொடி'யில் புகழ்பெற்ற ஜோடி எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும். நாடகத்துக்குக் கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் அதைப் படமாக்கும் எண்ணம் வந்தது. வழக்கறிஞராக இருந்து சினிமாவுக்கு வந்த கே. சுப்ரமணியம் இயக்கினார். பாட்டுக்குப் பொறுப்பு பாபநாசம் சிவன். 1934இல் படம் வந்தது. நாயகன், நாயகி, இயக்குநர் மூவருக்குமே இதுதான் முதல் பேசும்படம்.

சென்னை அடையாற்றில் சூரிய வெளிச்சத்தை நம்பிப் படம் பிடித்தார்கள். மேகம் மறைத்தால் வேலை நிற்கும். காகம் கத்தினால் ஒலிப்பதிவு கெடும் என்று காகம் விரட்ட ஆள் வைத்திருந்தார்கள். காரணம், பின்னணிப் பாடல் அப்போது கிடையாது. கேமரா ஓட ஓட நடிகரே பாடவேண்டும். வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருந்து வாசிப்பார்கள். அப்படியே ஏறக்குறைய 50 பாடல்கள்!

இதில் கவனிக்கவேண்டியது, மேடையில் பாடியவரே திரையிலும் பாடினார் என்பதுதான். குரலும் முகமும் ஒரே ஆளுடையவை. மேடையின் உயிரையே திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் மறைந்துவிட்டார். அவர் ஒரு படத்திலும் இல்லை. இசைத்தட்டுகளில் குரல் மட்டும் இருக்கிறது. அவர் துணைவி கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. குரலுக்குக் கொடுத்த விலை அது.

மாற்றம் 1938இல் வந்தது. ஏ.வி. மெய்யப்பன் 'நந்தகுமார்' படத்தில் நடிகைக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். தமிழில் பின்னணிப் பாடல் அங்கிருந்து தொடங்கியது. மெல்ல மெல்ல முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்றாயிற்று. இதனால் பெரிய பாடகர்கள் கிடைத்தார்கள், மறுக்கமாட்டேன். பாடத் தெரியாத நல்ல நடிகர்களும் கிடைத்தார்கள். ஆனால் பாடத் தெரிந்ததாலேயே பிழைத்த நாடகக்காரருக்கு அந்தக் கதவு மூடிக்கொண்டது. எஃபியைப் பின்வரிசைக்குத் தள்ளிய கதைதான் இங்கே வேறு விதமாக நடந்தது. அங்கே ஒரு முதலாளி தள்ளினார். இங்கே ஒரு தொழில்நுட்பம் தள்ளியது.

எங்கள் திமிரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கட்டியங்காரன் வந்து சிரிக்கவைத்த பிறகு வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே பாடத் தொடங்குவார். முகம் தெரியும் முன்பே குரலை வைத்து "இன்னார்தான்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். தோல் ஷாப்பில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர்களும் விடிய விடிய உட்கார்ந்து கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பல இடங்களில் நடுவே சினிமாப் பாட்டை ஓடவிட்டு ஆடவைக்கிறார்கள். ஆடுபவரைக் குறை சொல்லமாட்டேன், வயிற்றுப்பாடு. ஆனால் ஒரு தலைமுறை இரவு முழுக்கப் பாடும் பலத்தை இழந்துகொண்டிருக்கிறது.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இன்று நம்மிடம் இல்லை. படச்சுருளே தொலைந்தது. பெரிய கம்பெனி எடுத்த படத்துக்கே அந்தக் கதி என்றால், யாரும் பதிவு செய்யாத கூத்துக்காரரின் குரல் என்ன ஆகும்?

ஒவ்வொருவர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. உங்கள் ஊரில் இன்னும் சொந்தக் குரலில் பாடும் கலைஞர் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு ஒரு முழு இரவுக் கூத்தைப் பதிவு செய்யுங்கள். இரண்டு நிமிடத் துண்டு போதாது. அவர் பெயர், வாத்தியார் பெயர், ஊர் மூன்றையும் எழுதி வையுங்கள். கையில் சம்பாவனையும் கொடுங்கள். மறக்கவேண்டாம்.