மெலிந்த மனிதர் யார்?

1934ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'தி தின் மேன்' என்னும் படத்தைத் துப்பறியும் படங்களுள் ஒன்றாகவே எண்ணுவது வழக்கம். அதனை இல்லறத்தைப் பற்றிய படமாகக் காண்பதே பொருத்தம் என்பது நம் கருத்து.

அக்கால ஹாலிவுட் காதல் நகைச்சுவைகள் பெரும்பாலும் திருமணத்தோடு முடிந்துவிடும். இதிலோ, கதை தொடங்கும்போதே நிக் சார்லஸும் நோராவும் கணவன் மனைவியர். துப்பறியும் தொழிலை விட்டுவிட்ட நிக்கை, அதன் பரபரப்பைக் காணும் ஆவலால் மீண்டும் அதற்குள் தள்ளிவிடுபவள் செல்வச் சீமாட்டியாகிய நோராவே. கணவன் ஆறு கோப்பை மது அருந்தியிருப்பதை அறிந்தவள் அவனைக் கண்டிப்பதில்லை. எண்ணிக்கையில் அவனுக்கு நிகராகத் தனக்கும் வரவழைக்கிறாள். (அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது 1933 டிசம்பரில்தான்.) துப்பாக்கியுடன் ஒருவன் படுக்கையறையில் நுழையும்போது அவளைக் காக்க நிக் அவளையே அடித்து வீழ்த்துகிறான். மயக்கம் தெளிந்தவளின் குறையெல்லாம், கணவன் அவனை மடக்கிய காட்சியைத் தான் பார்க்க முடியாமற் போயிற்றே என்பதுதான். இவர்களது ஊடலில் வில்லியம் பவலும் மிர்னா லாயும் ஒருவர் பேச்சை மற்றவர் செவிமடுக்கும் விதமே தனி அழகு. கொலைகாரன் யாரென்பதை நாம் மறந்துவிடுகிறோம், இதை மறப்பதில்லை.

திரைக்கதையை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட்டும் பிரான்சிஸ் குட்ரிச்சும் உண்மையிலேயே தம்பதியர் என்பது இங்கே கருதத்தக்கது. மூல நாவலாசிரியர் டாஷியல் ஹாமெட்டின் நிலை வேறு. பிங்கர்ட்டன் நிறுவனத்தில் துப்பறிவாளராக இருந்த அவர், நாவலை நாடகாசிரியை லில்லியன் ஹெல்மனுக்குக் காணிக்கையாக்கினார். நோரா நீதான் என்று தம்மிடம் அவர் சொன்னதாக ஹெல்மன் பின்னாளில் எழுதியுள்ளார். அவ்விருவரும் ஒருபோதும் மணந்துகொள்ளவில்லை.

தலைப்பின் கதையும் விந்தையானது. 'மெலிந்த மனிதர்' என்பது காணாமற்போகும் கண்டுபிடிப்பாளரைக் குறித்தது. ஆயினும் மக்கள் அப்பெயரைப் பவலுக்கே சூட்டிவிட்டனர். படநிறுவனமும் அதனை விடாது 1947வரை மேலும் ஐந்து படங்களின் தலைப்பில் வைத்துக்கொண்டது. ஹாமெட் அவற்றுள் இரண்டிற்குக் கதை எழுதினார். ஆனால் 1961இல் மறையும்வரை வேறொரு நாவலை அவர் வெளியிடவில்லை.