கராலும் குரலும்: ஆனைமலையில் காட்டுயானையைப் பழக்கிய வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2023ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் ஆனைமலைத் தொடரின் இரு பக்கங்களிலும் இரண்டு ஆண் யானைகள் பிடிக்கப்பட்டன. சனவரி 22 அன்று பாலக்காட்டை அடுத்த தோணியில் பி.டி.-7 என்று வனத்துறை குறித்துவைத்திருந்த யானை பிடிபட்டது. அதை அங்கேயே பருத்த மரங்களால் அமைத்த கராலில் அடைத்தனர். ஊர்ப்பெயரையே அதற்கும் சூட்டினர். ஏப்ரல் 29 அன்று இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிக்கொம்பன் பிடிபட்டது. இதற்கும் கரால் காத்திருந்தது. ஆனால் அடைத்துப் பழக்குவதைக் கேரள உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நிபுணர் குழு பரிந்துரைத்த பரம்பிக்குளத்துக்குப் பாலக்காட்டு மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, யானை பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கிருந்து மே இறுதியில் கம்பம் நகருக்குள் நுழைந்தது. சூன் 5 அன்று தமிழக வனத்துறை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டது.

இரு நிகழ்வுகளைப் பற்றியும் அப்போது ஏராளமாகப் பேசினோம். பேச்சு பெரும்பாலும் பயிர்ச்சேதம், உயிரிழப்பு, வழித்தடம் ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. கராலுக்குள் என்னதான் நடக்கிறது, அச்சமும் சினமும் கொண்ட ஒரு காட்டு விலங்கு மனிதன் நீட்டும் கையிலிருந்து கரும்பை வாங்கும் நிலைக்கு எவ்வாறு வருகிறது, அந்த நுட்பத்துக்கு வரலாறு உண்டா என்னும் வினாக்கள் அதிகம் எழவில்லை. இப்பதிவு அவ்வினாக்களைப் பற்றியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குதிரை பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்த விலங்கு. கூச்சமுள்ள குதிரைக்குத் தலைக்கயிறு பழக்குபவர், மனிதருடன் வாழ ஏற்கெனவே ஓரளவு இணங்கிய ஒரு குருதிவழியின் மீது வேலை செய்கிறார். யானையின் நிலை அதுவன்று. நம் கோயில்களிலும் முகாம்களிலும் நின்ற யானைகளில் மிகப் பெரும்பாலானவை காட்டில் பிறந்து பிடிக்கப்பட்டவை. எனவே யானையைப் பழக்கும் வேலை ஒவ்வொரு யானையிடமும் முதலிலிருந்து தொடங்குகிறது. முந்தைய தலைமுறையின் பழக்கம் யானையின் உடலில் சேர்வதில்லை. அது பாகனின் கையிலும் வாயிலும் மட்டுமே சேர்கிறது. இந்த அறிவின் வரலாற்றை எழுதுவது கடினமாவதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் குதிரை நூல் ஒன்று இங்கு உதவுகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன், குட்டியை மனிதரிடம் அன்புகொள்ளச் செய்ய ஒரு வழி கூறுகிறார். பசியும் தாகமும் ஈக்கடியும் தனிமையில் நேர்வதாகவும், உணவும் நீரும் ஆறுதலும் மனிதன் வழியே கிடைப்பதாகவும் குட்டி உணர வேண்டும் என்பது அவர் கருத்து. கராலின் தர்க்கமும் ஏறத்தாழ இதுவே. ஆனால் கராலில் அந்தத் தனிமையையும் மனிதனே உண்டாக்குகிறான். பழக்குதலின் அறச்சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரால் என்னும் சொல்லே நம்முடையதன்று. போர்த்துக்கீசியரின் கால்நடைப்பட்டிச் சொல் டச்சுக்காரர் வாயில் திரிந்து, இலங்கை வழியாக ஆங்கில நிர்வாக வழக்கில் புகுந்து, நம் வனத்துறைத் தமிழில் நிலைத்துவிட்டது. மலையாளத்தில் அதற்கு ஆனக்கூடு என்று பெயர். திருவிதாங்கூர்க் காடுகளின் பிடிப்பு வரலாற்றுக்குக் கோன்னி ஆனக்கூடு இன்றும் சான்றாக நிற்கிறது. பிடிக்க உதவும் பழகிய யானைக்கு நாம் வழங்கும் கும்கி என்ற பெயர், உதவி எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது என்பர். மலையாளிகள் அதைத் தாப்பானை என்பர். கலைச்சொற்களைப் பார்த்தாலே இந்தத் தொழில் பல நாடுகளின் வழக்குகள் கலந்து உருவானது என்பது விளங்கும்.

தொழில் பழையது என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. பாண்டியனின் சிறையிலிருந்து தப்பிய சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் புறநானூற்றின் 17ஆம் பாட்டில், குழியில் வீழ்ந்து கரையை இடித்து வெளியேறித் தன் இனத்துடன் சேர்ந்த களிற்றுக்கு ஒப்பிடுகிறார். பட்டினப்பாலை கரிகாலனுக்கும் இத்தகைய உவமையைத் தருகிறது. குழிவெட்டிப் பிடிக்கும் முறை அக்காலக் கேட்போருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழகியிருந்தது. மேலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இரு புலவர்களின் பரிவும் பிடிபட்ட யானையின் பக்கம் நிற்கிறது, குழி வெட்டியவன் பக்கம் அன்று.

பழக்கும் முறை பற்றியும் குறிப்புகள் உள்ளன. முல்லைப்பாட்டின் பாசறையில், உண்ண மறுக்கும் யானையை இளம்பாகர் வடமொழிச் சொற்களைக் கூறியும் கவைமுள் கொண்டு குத்தியும் கவளம் உண்ணச் செய்கின்றனர். மலைபடுகடாம் மலையில் கேட்கும் ஒலிகளைப் பட்டியலிடும்போது, கலப்புமொழி பேசி யானையைப் பயிற்றும் பாகரின் ஓசையையும் சேர்க்கிறது. உணவு, முள், குரல் ஆகிய மூன்றும் அன்றே ஒருங்கே உள்ளன. இன்றும் கேரளப் பாகர் இடத்தானே, வலத்தானே, இரியானே என்று யானையோடு பேசும் மொழி, மனிதர் தம்முள் பேசும் மொழியிலிருந்து சற்று விலகிய தனிமொழியே.

அயலார் பதிவுகளும் இதனோடு பொருந்துகின்றன. மெகஸ்தனிசைப் பின்பற்றி எழுதிய ஸ்ட்ராபோவும் அரியனும், பிடிபட்ட யானைகளைப் பசியால் தளரச் செய்வதையும், உண்ண மறுப்பவற்றை இசையாலும் பறையொலியாலும் ஆற்றுவதையும் குறிப்பிடுகின்றனர். அர்த்தசாத்திரம் பழக்குதலை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. தோளில் ஆள் ஏறுவதைப் பொறுத்தல், தறியில் கட்டுண்டு நிற்றல், கூட்டத்தோடு பழகுதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

மிக விரிவான சித்திரத்தைத் தருபவர் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட். பிடிபட்ட யானையின் இருபுறமும் பழகிய யானைகளை நிறுத்துவர். சிலர் நீண்ட கோலால் அதன் முதுகைத் தேய்த்தபடி, யானையின் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப மகனே என்றோ அப்பனே என்றோ தாயே என்றோ தணிந்த குரலில் பாடுவர். அதே பக்கத்தில் அவர் இன்னொன்றையும் எழுதுகிறார். யானை துதிக்கையை வீசும் ஒவ்வொரு முறையும் முன்னால் நிற்பவர்கள் அதைக் கூர்முனையில் ஏற்கின்றனர். நுனி புண்ணாகி, யானை துதிக்கையைச் சுருட்டிக்கொள்ளும் வரை இது தொடர்கிறது. தாலாட்டும் ஈட்டியும் ஒரே வேளையில், ஒரே குழுவின் கைகளில் இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதப்படும் எந்த வரலாறும் அரைவரலாறே.

அதன் விலை என்ன என்பதையும் மரபு அறிந்திருந்தது. நீலகண்டர் இயற்றிய மாதங்கலீலை என்னும் வடமொழி யானைநூல் கேரளத்தில் போற்றப்பட்டது. 1910இல் கணபதி சாஸ்திரி அதைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். காட்டில் இனத்தோடு இன்புற்று வாழ்ந்த யானை கட்டுண்டு ஊருக்கு வந்தபின், கடுஞ்சொல்லாலும் துயராலும் அச்சத்தாலும் நெடுநாள் உயிர் தரிக்க இயலாது என்று அந்நூல் சொல்கிறது. டென்னென்டும் நோயெதுவும் புலப்படாமல் படுத்து இறந்த யானைகளைக் குறித்து, நெஞ்சுடைந்து இறப்பதாகச் சொல்லப்பட்டதைப் பதிவுசெய்கிறார். ஒன்றையொன்று அறியாத இரு சான்றுகள் ஒரே செய்தியைக் கூறுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆனைமலை மரத்தொழிலின் களமாயிற்று. வெட்டிய தேக்குத் தடிகளை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. பாலக்காட்டுப் பக்கத்தில் பரம்பிக்குளத்தின் மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்லக் கொச்சி அரசு 1907இல் டிராம்வே அமைத்தது. அடிமரத்தை இழுக்கவும் ஏற்றவும் யானை இன்றியமையாததாகியது. யானை அரசின் சொத்து என்ற கருத்தும் அதனுடன் வலுப்பெற்றது. சென்னை மாகாணம் 1873இலும் இந்திய அரசு 1879இலும் யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றின. காப்பின் உள்நோக்கில் உழைப்பின் தேவையும் கலந்திருந்தது. மைசூரில் கெத்தா முறையை நடத்திய சாண்டர்சன் 1878இல் வெளியிட்ட நூலில் குழிமுறையின் கொடுமையைக் கண்டித்தார். அசாமில் மில்ராய் 1920களில் பழக்கும் முறையின் கடுமையைக் குறைக்க முயன்றார். 1977இல் ஆசிய யானை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்தபின், தொழிலுக்காக யானை பிடிக்கும் காலம் முடிந்தது. கரால் மட்டும் மறையவில்லை. ஊரோடு மோதும் யானைக்கான இடமாக அது வேறு வேடத்தில் தொடர்ந்தது.

அதன் அண்மைக்கால எடுத்துக்காட்டு சின்னத்தம்பி. 2019 சனவரியில் கோவை தடாகத்தில் பிடித்து வரகளியாற்றுக் காட்டில் விடப்பட்ட அந்த யானை, சில நாள்களில் காட்டைவிட்டு இறங்கி உடுமலைப் பகுதிக்கு நடந்து வந்தது. சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி பிப்ரவரி 15 அன்று மீண்டும் பிடிக்கப்பட்டு வரகளியாற்றுக் கராலில் அடைக்கப்பட்டது. மாதங்கள் சில கழித்து வெளிவந்தபோது அது முகாம் யானை. அந்த இடைவெளியில் நடந்தவற்றைச் செய்தித்தாள்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிட்டன. ஒரே பாகனும் காவடியும் நாள்தோறும் அருகில் இருப்பர். உணவும் நீரும் அவர்கள் கைவழியே மட்டும் செல்லும். கரும்பும் வெல்லமும் நீட்டுவர், பெயர் சொல்லி அழைப்பர். முதலில் கோலால் தொடுவர், பின்னர் கையால். வெளியே கும்கிகள் நிற்கும். டென்னென்ட் கண்டதன் பெரும்பகுதி இன்னும் இருக்கிறது. கூர்முனையின் பங்கு குறைந்திருக்கலாம். அடைப்பின் பங்கு குறையவில்லை.

இவ்வாறு பெறப்படுவதை நம்பிக்கை என்று அழைக்கலாமா? வெளியேறும் வழி அடைக்கப்பட்ட உயிர் காட்டும் இணக்கத்தை நம்பிக்கை என்பது எளிதன்று. அதே வேளையில் அதை வெறும் பணிவு என்று ஒதுக்கவும் முடியாது. ஆனைமலை முகாம்களில் வேலை முடிந்தபின் யானைகளை மேய்ச்சலுக்குக் காட்டில் விடும் வழக்கம் உண்டு. மறுநாள் காலையில் பாகன் தேடிச் சென்று அழைத்துவருவார். காலில் இழுபடும் சங்கிலியின் தடம் அவருக்கு வழிகாட்டுகிறது. ஆயினும் அடர்காட்டில் தன்னந்தனியாக வரும் மனிதனை அந்த யானை அருகில் விடுகிறது என்பதைச் சங்கிலி விளக்காது. ஒரு பகுதி கட்டு, ஒரு பகுதி உறவு. எவ்வளவு எது என்று பிரித்தறிவதற்கான சான்றுகளை நாம் இன்னும் சேகரிக்கவில்லை.

சேகரிக்காததற்குக் காரணம் உண்டு. குரல் கொடுத்தவர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் குரல் கொடுக்கவில்லை. ஆனைமலையில் இந்தப் பணியைச் செய்தோர் பெரும்பாலும் மலசர். ஆவணங்களில் அதிகாரியின் முறை என்றும் துறையின் வெற்றி என்றும் குறிக்கப்படுவது, பழங்குடியினரிடம் வரும்போது இயல்பான கைவாகு என்று மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் ஒரே விலங்கின் காது, வால், மூச்சு ஆகியவற்றின் அசைவைப் படித்து, இன்று அணுகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது அறிவே. பிழைத்தால் உயிர்போகும் அறிவு.

2023 மார்ச்சில் முதுமலைப் பாகர் தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றபோது இதில் சிறு மாற்றம் தென்பட்டது. தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு இலட்சம் ரூபாயும் வீடுகளும் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டில் பாகரும் காவடிகளுமாக 13 பேரைப் பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பவும் முடிவெடுத்தது. பிற நாட்டு முறையைக் கற்பதில் தவறில்லை. ஆனால் இங்குள்ள முறையை எவரும் எழுதிவைக்காத நிலையில், கற்றதை எதனோடு ஒப்பிடுவது?

தோணி யானையின் உடலில் சிறுகுண்டுகள் கண்டெடுக்கப்பட்டதும் அது ஒரு கண்ணின் பார்வையை இழந்ததும் பின்னர் செய்திகளாயின. கராலுக்கு வருமுன்னரே அந்த யானை மனிதரைப் பற்றி ஒரு பாடம் கற்றிருந்தது. அதற்கெதிராகத்தான் பாகனின் குரல் வேலை செய்ய வேண்டியிருந்தது. சின்னக்கானலிலும் 2000களின் தொடக்கத்தில் நிலமற்ற பழங்குடியினர் குடியமர்த்தப்பட்ட 301 காலனி யானைகளின் நடமாட்டப் பகுதியில்தான் அமைந்தது. அந்த முடிவைக் குடியேறியவர்களும் எடுக்கவில்லை, யானையும் எடுக்கவில்லை. கராலா, இடமாற்றமா என்ற கேள்வி நீதிமன்றத்தை அடையும்போது, முன்னர் எடுக்கப்பட்ட முடிவுகளின் சுமையை யானையும் பாகனும் காட்டோர மக்களும் சுமக்கின்றனர்.

வரலாறு, மானிடவியல், நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகாம் பதிவேடுகள், மாவட்டக் கையேடுகள், வனத்துறை ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை யானைகளின் எண்ணிக்கைக்காக மட்டும் படிக்காமல், கராலில் கழிந்த நாள்கள், இறப்புகள், பணியாளர் கூலி ஆகியவற்றுக்காகவும் படியுங்கள். பாகர் ஆணைச்சொற்களைத் தமிழ், மலையாளம், மலசர் வழக்கு என வகைப்படுத்தித் தொகுத்தால் மலைபடுகடாத்தின் கலப்புமொழிக்கும் இன்றைய முகாமுக்கும் இடையே ஏதேனும் தொடர்ச்சி உண்டா என்று சோதிக்கலாம். கராலில் பணியாற்றிய முதியவர்களிடம் பேச இன்னும் காலம் இருக்கிறது. அவர்கள் பெயரை அவர்கள் இசைவோடு ஆய்வில் சேருங்கள். தகவலாளி என்று மட்டும் குறித்து நகர்ந்துவிடாதீர்கள்.