நடுத்தர எஸ்யூவிகளின் எரிபொருள் சிக்கனமும் இயக்கச் செலவும்

நடுத்தர எஸ்யூவி என்பது உயர்ந்த தளமும் இரண்டு அல்லது மூன்று வரிசை இருக்கைகளும் கொண்ட ஒரு தானுந்து வகையாகும். ஃபோர்டு எக்ஸ்புளோரர், டொயோட்டா ஹைலேண்டர், ஹோண்டா பைலட் ஆகியவை ஐக்கிய அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்ட இவ்வகை ஊர்திகள். எரிபொருள் சிக்கனம் இரு வகையில் கூறப்படுகிறது. குறிப்பிட்ட அளவு எரிபொருளில் ஊர்தி கடக்கும் தொலைவு ஒன்று. குறிப்பிட்ட தொலைவைக் கடக்க அதற்குத் தேவைப்படும் எரிபொருளின் அளவு மற்றொன்று. இரண்டும் ஒரே தகவலின் இரு வடிவங்களே எனினும், செலவை ஒப்பிடுவதற்கு இரண்டாவதே பொருத்தமானது. இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் அளவீடுகளையும் சட்டங்களையும் அடிப்படையாகக் கொண்டது.

அளவீட்டு அலகுகள்

ஐக்கிய அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனம் ஒரு கேலனுக்கு இத்தனை மைல் என்று குறிக்கப்படுகிறது. இந்தியாவில் ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது வழக்கம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் கனடாவிலும் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பது பயன்படுகிறது.

அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரித்தானிய கேலன் 4.546 லிட்டர். ஆகவே ஒரே எரிபொருள் சிக்கனத்தைப் பிரித்தானிய கேலனில் குறித்தால், அந்த எண் அமெரிக்க எண்ணைவிட ஏறத்தாழ 20% கூடுதலாக இருக்கும். அமெரிக்க மைல்/கேலன் எண்ணால் 235.2-ஐ வகுத்தால் 100 கிலோமீட்டருக்கான லிட்டர் அளவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 24 மைல்/கேலன் என்பது 100 கிலோமீட்டருக்கு 9.8 லிட்டர், அல்லது லிட்டருக்கு 10.2 கிலோமீட்டர் ஆகும்.

சோதனை முறை

அதிகாரபூர்வ எண்களை ஐக்கிய அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடுகிறது. ஊர்தி சாலையில் ஓட்டப்படாமல், ஆய்வகத்தில் உருளைகளின் மேல் நிறுத்தி, வரையறுக்கப்பட்ட வேகமாற்றங்களின்படி இயக்கப்படுகிறது. நகரம், நெடுஞ்சாலை என இரண்டு எண்கள் தரப்படுகின்றன. இவற்றை முறையே 55%, 45% என்ற விகிதத்தில் சேர்த்து ஒருங்கிணைந்த எண் கணக்கிடப்படுகிறது.

பழைய சோதனை எண்கள் நடைமுறையில் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருந்தன. ஆகையால் 2008 மாதிரி ஆண்டு முதல் மிகுவேகம், குளிரூட்டியின் பயன்பாடு, குளிர்ந்த வெப்பநிலை ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளும் முறை நடைமுறைக்கு வந்தது. 2013 மாதிரி ஆண்டு முதல், புதிய ஊர்திகளின் சாளரத்தில் ஒட்டப்படும் விவரச்சீட்டில் 100 மைலுக்கு இத்தனை கேலன் என்ற எண்ணும் கட்டாயமாக்கப்பட்டது.

மைல்/கேலன் மயக்கம்

டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் ஆகியோர் 2008-ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், மைல்/கேலன் எண் மக்களைத் தவறான கணிப்புக்கு இட்டுச் செல்வதைக் காட்டினர். எண் எவ்வளவு உயர்கிறதோ அதே அளவில் எரிபொருளும் மிச்சமாகும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை.

ஆண்டுக்கு 12,000 மைல் (ஏறத்தாழ 19,300 கிலோமீட்டர்) ஓடும் ஊர்திக்கான கணக்கு வருமாறு:

- 16 மைல்/கேலன்: 750 கேலன்
- 20 மைல்/கேலன்: 600 கேலன்
- 24 மைல்/கேலன்: 500 கேலன்
- 36 மைல்/கேலன்: 333 கேலன்

2010 மாதிரி ஃபோர்டு எக்ஸ்புளோரரின் ஆறு உருளை, பின்சக்கர இயக்க வடிவம் ஒருங்கிணைந்த முறையில் 16 மைல்/கேலன் தந்தது. 2011 மாதிரியில் தனிச்சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்படும் அமைப்பு கைவிடப்பட்டு, ஒற்றையுடல் அமைப்பும் புதிய பொறியும் வந்தன. அதன் முன்சக்கர இயக்க வடிவம் 20 மைல்/கேலன் தந்தது. உயர்வு 4 மட்டுமே. ஆயினும் ஆண்டுக்கு 150 கேலன் மிச்சமாகிறது. 24-இலிருந்து 36-க்கு, அதாவது 12 மைல் உயரும்போது, மிச்சமாவது 167 கேலன். ஆகவே மிகுதியாக எரிபொருள் குடிக்கும் ஊர்தியில் ஏற்படும் சிறு முன்னேற்றம், ஏற்கனவே சிக்கனமான ஊர்தியில் ஏற்படும் பெரிய முன்னேற்றத்துக்கு ஏறக்குறைய ஈடாகிறது.

ஒரு கேலன் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 8.9 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. எனவே 150 கேலன் மிச்சம் என்பது ஏறத்தாழ 1.3 டன் உமிழ்வைத் தவிர்ப்பதாகும்.

சிக்கனத்தைப் பாதிக்கும் காரணிகள்

எஸ்யூவி, ஒத்த பருமனுள்ள தாழ்வான தானுந்தைவிடப் பொதுவாக எடை மிக்கது. அதன் முன்முகப் பரப்பும் பெரியது. எடை மிகும்போது சக்கரங்களின் உருள்தடையும், ஒவ்வொரு முறை வேகமெடுக்கவும் தேவைப்படும் ஆற்றலும் மிகுகின்றன. காற்றுத்தடை விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் ஊர்தியின் வடிவமும், நகரில் அதன் எடையும் முதன்மை பெறுகின்றன.

ஓட்டுநரின் கட்டுப்பாட்டில் உள்ள காரணிகளுக்கு ஐக்கிய அமெரிக்க எரிசக்தித் துறை தரும் அளவுகள்:

- வேகம்: பெரும்பாலான ஊர்திகளில் மணிக்கு 50 மைலுக்கு (80 கிலோமீட்டர்) மேல் சிக்கனம் விரைவாகக் குறைகிறது.
- கூரைப்பெட்டி: நெடுஞ்சாலையில் 6 முதல் 17% வரை இழப்பு ஏற்படலாம்.
- சுமை: கூடுதலான ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் (45 கிலோகிராம்) ஏறத்தாழ 1% குறையும்.
- ஓட்டும் முறை: திடீரென வேகமெடுப்பதும் திடீரென நிறுத்துவதும் நெரிசலில் 10 முதல் 40% வரை இழப்பை உண்டாக்கலாம்.

கலப்பின ஊர்திகள்

கலப்பின ஊர்தியில் பெட்ரோல் பொறியுடன் மின்னோடியும் மின்கலமும் உள்ளன. தடுப்பை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதி மின்னாற்றலாக மின்கலத்தில் சேமிக்கப்படுகிறது. ஆகையால் இதன் பயன் நகரிலேயே மிகுதி. 2020 மாதிரி டொயோட்டா ஹைலேண்டரின் முன்சக்கர இயக்கப் பெட்ரோல் வடிவம் நகரில் 21, நெடுஞ்சாலையில் 29 மைல்/கேலன் தந்தது. கலப்பின வடிவம் நகரில் 36, நெடுஞ்சாலையில் 35 தந்தது.

ஆண்டுக்கு 12,000 மைலும் நகரிலேயே ஓடினால் கலப்பின வடிவம் ஏறத்தாழ 238 கேலனும், நெடுஞ்சாலையிலேயே ஓடினால் 71 கேலனும் மிச்சப்படுத்தும். பெட்ரோல் கேலன் 3 டாலர் என்றும், கலப்பின வடிவத்தின் விலை 1,500 டாலர் கூடுதல் என்றும் கொண்டால், நகரில் ஓட்டுபவர் அக்கூடுதல் தொகையை ஏறத்தாழ 2 ஆண்டுகளில் மீட்டெடுப்பார். நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு 7 ஆண்டுகள் ஆகும்.

இயக்கச் செலவின் கூறுகள்

ஊர்தி வைத்திருப்பதற்கான செலவை இரண்டாகப் பிரிக்கலாம். மதிப்புத் தேய்மானம், காப்பீடு, பதிவுக் கட்டணம், கடன் வட்டி ஆகியவை ஊர்தி ஓடாவிட்டாலும் பெருமளவு தொடர்பவை. எரிபொருள், பராமரிப்பு, டயர் ஆகியவை ஓடும் தொலைவுக்கேற்ப மாறுபவை. புதிய ஊர்தியில் பொதுவாக மதிப்புத் தேய்மானமே மிகப் பெரிய செலவாகும்.

ஐக்கிய அமெரிக்க உள்நாட்டு வருவாய்த்துறை, தொழில் நிமித்தம் சொந்த ஊர்தியைப் பயன்படுத்துவோருக்கு 2025-ஆம் ஆண்டிற்கு மைலுக்கு 70 சென்ட் என வீதம் வகுத்தது. தேய்மானம், காப்பீடு, பழுதுபார்ப்பு, எரிபொருள் அனைத்தும் இதில் அடங்கும். 24 மைல்/கேலன் தரும் எஸ்யூவிக்கு, கேலன் 3 டாலர் எனில், எரிபொருளுக்கு மட்டும் ஆகும் செலவு மைலுக்கு 12.5 சென்ட் ஆகும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஊர்தியை எரிபொருள் மிச்சத்திற்காக மட்டும் மாற்றினால், புதிய ஊர்தியின் தேய்மானம் அந்த மிச்சத்தை விஞ்சிவிடக்கூடும்.

சட்டங்கள்

1973 எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1975-இல் இயற்றப்பட்ட சட்டம், தயாரிப்பாளர்கள் எட்டவேண்டிய சராசரி எரிபொருள் சிக்கனத்தை வரையறுத்தது. பயணிகள் தானுந்துக்கும் இலகு சுமையுந்துக்கும் தனித்தனி அளவுகள் வகுக்கப்பட்டன. எஸ்யூவிகள் பெரும்பாலும் இரண்டாவது பிரிவில் சேர்க்கப்பட்டன. 1996 முதல் 2004 வரை தானுந்துகளுக்கான அளவு 27.5 மைல்/கேலனாக இருக்க, இலகு சுமையுந்துகளுக்கு 20.7 மட்டுமே தேவைப்பட்டது. 1978-இல் விதிக்கப்பட்ட மிகைநுகர்வு வரியும் தானுந்துகளுக்கு மட்டுமே உரியது. இச்சலுகைகள் எஸ்யூவிகளின் பெருக்கத்துக்கு உதவிய காரணங்களுள் சிலவாகக் கருதப்படுகின்றன. பின்னர் ஊர்தியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவைச் சார்ந்த அளவுகள் அறிமுகமாயின. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம், அளவை எட்டாத தயாரிப்பாளர்களுக்கான அபராதத்தைச் சுழியாக்கியது.

இவற்றையும் பார்க்க

- தானுந்து
- உள் எரி பொறி
- கலப்பின ஊர்தி
- காற்றுத்தடை