அனுமதி கேட்டு வந்தவர்கள்

ஏரலில் தாமிரபரணிக் கரையில் நின்றால் கடல் தென்படாது. ஆயினும் அருகிலுள்ள கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கிய ஊர். ஆற்று வண்டல் கடலைத் தள்ளிவிடவே, வணிகம் காயலுக்கு இடம் பெயர்ந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அத்துறையை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ விவரித்துள்ளார். இத்தகைய கடலை ஐரோப்பியர் 'கண்டுபிடித்தனர்' என்றே பள்ளியில் நாம் படித்தோம். ஆங்கிலேயக் கம்பெனியின் முதற் பயணம் வேறு செய்தியைச் சொல்கிறது.

1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அரசி கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். மறு ஆண்டு ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. 1602-இல் அவை சுமத்ராவின் அச்சே துறையை அடைந்தபோது, அங்கே பல நாட்டு வணிகர்கள் ஏற்கெனவே இருந்தனர். அரசியின் கடிதத்தைப் பணிவுடன் அளித்த லங்காஸ்டருக்கு, சுல்தான் அலாவுத்தீன் ரிஆயத் ஷா விருந்தளித்து, சுங்கமின்றி வணிகம் செய்ய இசைந்தார்.

அனுமதி கிடைத்தும் மிளகு போதிய அளவு கிடைக்கவில்லை. ஆங்கிலக் கம்பளித் துணியை அவ்வெப்ப நாடுகளில் விரும்புவார் இல்லை. அங்கு மதிப்புடையது இந்தியப் பருத்தித் துணியே. மலாக்கா நீரிணையில், சாந்தோமிலிருந்து துணி ஏற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பலை லங்காஸ்டர் பறித்தார். அத்துணி பாந்தனில் மிளகாக மாறியது. நம் கரைத் துணியின்றித் தங்கள் வணிகம் நடவாது என்பதை ஆங்கிலேயர் உணர்ந்தனர். 1611-இல் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். 1639-இல் நாயக்கரிடம் அனுமதி பெற்றுச் சென்னையில் கால் ஊன்றினர்.

முத்துக் கரையிலோ அவர்கள் கடைசியாக வந்தவர்கள். கடலில் செல்லவே அனுமதிச் சீட்டு வேண்டுமென்ற போர்த்துக்கீசியரை எதிர்த்து, மரக்காயர்கள் 1538-இல் வேதாளையில் போரிட்டுத் தோற்றனர். 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது. 1801-இல் திருநெல்வேலிச் சீமையைக் கைக்கொண்ட கம்பெனி, 1825-இல் தூத்துக்குடியையும் நிலையாகப் பெற்றது. அதன்பின் முத்துச் சலாபம் நடக்கும் நாளையும் சிப்பியில் பங்கையும் ஆங்கில அரசே முடிவு செய்தது. பரதவரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக மூழ்கிய கடலில், மூழ்குவதற்கு அனுமதி பெற வேண்டியதாயிற்று.

அனுமதி கேட்டு வந்தவர் அனுமதி அளிப்பவராக மாறுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த மாற்றத்தின் பெயர் கண்டுபிடிப்பு அன்று. ஆதிக்கம் என்பதே நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு.