யார் காசில் பெட்ரோல்?

அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், செட்டிநாட்டிலிருந்து ஏஜென்ட்டை அனுப்பும்போது சம்பளம் மட்டும் பேசவில்லை. பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. அங்கே தங்குவதும் சாப்பிடுவதும் முதலாளி செலவு. சம்பளம் வேறு, சலுகை வேறு!

ஆனால், வரி போடும் சர்க்கார் அப்படிப் பார்க்காது. சம்பளத்துக்கு மேல் முதலாளி தருவதும் வருமானம்தானே என்று கேட்கும். சரி, அந்த வரியை யார் கட்டுவது?

இதற்கு 2005-ல் புது விடை சொன்னவரும் அந்த மண்ணின் மனிதர்தான். காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர்க்காரர், அப்போது சிவகங்கைத் தொகுதி எம்.பி., நிதி அமைச்சர்... ப.சிதம்பரம்! அந்த வருஷ பட்ஜெட்டில் அவர் கொண்டுவந்தது 'ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ்'. பலர் சேர்ந்து அனுபவிக்கும் சலுகையை ஆளாளுக்குப் பிரிக்க முடியாது. எனவே, கம்பெனியே வரி கட்டட்டும் என்றார். காருக்குப் பெட்ரோல், ரிப்பேர் என்று கம்பெனி 100 ரூபாய் செலவழித்தால், அதில் 20 ரூபாய் சலுகை. அதற்கு 30 சதவிகிதம், அதாவது 6 ரூபாய் வரி. சர்சார்ஜ், செஸ் தனி. காரில் போனவருக்கோ வரியே இல்லை!

கம்பெனிகள் கொதித்தன. வாடிக்கையாளரைப் பார்க்கப் போன பெட்ரோலுக்கும் வரியா? 2009 பட்ஜெட்டில் பிரணாப் முகர்ஜி அதை நீக்கினார். வரி மறுபடி ஊழியர் தலைக்கு வந்தது.

அங்கேதான் வேடிக்கை. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற கம்பெனி கார், இன்ஜின் 1.6 லிட்டருக்குள் என்று வையுங்கள். சொந்த ஓட்டத்துக்கான பெட்ரோலை நீங்களே போட்டால், 2009 விதிப்படி மாதம் 600 ரூபாய் உங்கள் வருமானத்தில் சேரும். கம்பெனி போட்டால் 1,800. வித்தியாசம் 1,200, அதற்கு 30 சதவிகித வரி 360 ரூபாய். சொந்த ஓட்டத்துக்கு 5,000 ரூபாய் பெட்ரோல் போனாலும் அதே 360-தான்! அந்த 5,000-ஐ சம்பளமாக வாங்கினால் கையில் நிற்பது 3,500. (முழுக்க முழுக்க சொந்த உபயோகம் என்றால், இந்தச் சலுகைக் கணக்கு செல்லாது. ஆன செலவு அத்தனைக்கும் வரி.)

இங்கிலாந்தில் நேர்மாறு. கம்பெனி பெட்ரோலில் சொந்த வேலையாக ஒரே ஒரு மைல் போனாலும், அந்த எரிபொருளுக்கான காசைத் திருப்பித் தராவிட்டால் பெரிய தொகை ஒன்று வருமானத்தில் ஏறிவிடும். குறைவாக ஓட்டுகிறவருக்கு அது நஷ்டம். அதனால் 'எனக்கு வேண்டாம் சாமி' என்று ஒதுங்குகிறவர்கள் அங்கே உண்டு.

ஆக, லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது பெட்ரோல் அல்ல. சர்க்கார் எழுதி வைக்கிற அந்த எண். நம் ஊரில் 2009-ல் எழுதிய 1,800, பதினைந்து வருஷம் கழித்தும் நகரவில்லை. பெட்ரோல் விலையோ அதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்த இடைவெளி முழுவதும் கம்பெனி கார் வைத்திருந்தவருக்கு லாபம். அதே ஆபீஸில் டூவீலரில் வந்து போகும் குமாஸ்தா, வரி பிடித்தது போக மிஞ்சிய சம்பளத்தில்தான் பெட்ரோல் போட்டார். எந்த பட்ஜெட்டும் அவரிடம், 'உங்களுக்கு என்ன சலுகை வேண்டும்?' என்று கேட்கவில்லை.